நல்கையில் வந்த கடல்

கள்ளிக்கரட்டிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போனால் வருகிற தூரத்தில்தான் கடல் இருந்தது, அது இருக்க வேண்டிய இடமும் அதுதான், ஆனால் பல்கலைக்கழகம் நிலவியல் துறையின் பெர்னதெத் மிராந்தாவுக்கு ஆழ்துளை போட நல்கை கொடுத்த அந்தக் கோடையில் கடல் பூமிக்கு அடியிலேயே நடந்து வந்து, அறிவியல் கட்டடத்துக்குப் பின்னால் வேலிக்கருவை மண்டிக் கிடந்த பள்ளத்தில், ஆடு மேய்க்கிறவர்களும் முதலாம் ஆண்டு மாணவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது.

நல்கை என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. தில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வராமல், பல்கலைக்கழகம் தன் மடியிலிருந்தே கொஞ்சம் பணம் கிள்ளி, தன் ஆசிரியர்களில் ஆய்வு செய்கிறவர்களுக்கும், பாட்டு நாடகம் ஓவியம் என்று எதையாவது படைக்கிறவர்களுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கொடுப்பது அது. பெர்னதெத் பலமுறை கேட்டு, பலமுறை இல்லை என்று சொல்லப்பட்டவள். அவள் கேட்டதும் தனக்காக இல்லை. பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு வெளியே ஒச்சம்மாள் என்ற பெண்ணுக்கு ஒரு மல்லிகைத் தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன. பல்கலைக்கழகம் வந்து கட்டடங்கள் எழும்ப எழும்ப அந்தக் கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் பெர்னதெத் அவளிடம்தான் பூ வாங்குவாள்.

"இம்புட்டுப் படிச்சிருக்கீகளே டீச்சரம்மா, எங் கெணத்துத் தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லக் கூடாதா?" என்று ஒருநாள் ஒச்சம்மாள் பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டாள். பெர்னதெத்துக்கு அது நல்ல ஆய்வுக் கேள்வியாகப் பட்டது.

நல்கைக் குழுவின் தலைவர் டீன் கோதண்டபாணி. அவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "போர் போட்டா தண்ணி வருமா?" என்று கேட்டார்.

"வராது சார். ஏன் வரலைங்கிறது தெரிய வரும்."

"வராத தண்ணிக்கு எதுக்கும்மா நல்கை?" என்றார் டீன். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வருஷம் இசைத் துறையிலிருந்து யாரும் விண்ணப்பிக்காததால் நல்கை மீந்துபோயிற்று, மீந்தது அவளுக்கு வந்தது.

பெர்னதெத் கடற்கரைக்காரி. அவள் தம்பி ரொசாரி கச்சான் காற்று வீசுகிற பருவத்தில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன், வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. உடம்பு வராமல் மகனுக்கு இறந்தோர் பூசை வைக்க மாட்டேன் என்று தாய் சலேத்து ஒரே பிடியாக இருந்துவிட்டாள். பங்குச் சாமியார் கெஞ்சிப் பார்த்தார், சொந்தக்காரர்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள், அவள் அசையவில்லை. வீட்டுக்குள் செத்தும் சாகாமல் ஒருவன் இருப்பதைத் தாங்க முடியாமல்தான் பெர்னதெத் கடல் இரைச்சல் எட்டாத ஊர் எது என்று தேடி இந்தக் கரட்டுக்கு வேலைக்கு வந்தாள்.

போர் வண்டி வந்து துளை போட்டபோது முதலில் செம்மண் புழுதி வந்தது, பிறகு வெள்ளைப் புழுதி, பிறகு அரைபட்ட பாறையின் சூடு. அதற்கும் பிறகு துளையிலிருந்து ஒரு காற்று வந்தது. வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியுமுன் பெர்னதெத்துக்குத் தெரிந்துவிட்டது. கருவாடு காயும் முற்றத்தின் வாசனை அது, தம்பியின் சட்டையின் வாசனை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வண்டிக்காரர் துளை வாயில் கை வைத்து, விரலை நக்கிப் பார்த்துத் துப்பினார்.

"மேடம், பாறை முடிஞ்சிருச்சு. இனிமே கடல்தான். கேசிங் பைப்பு எதுவரைக்கும் எறக்கட்டும்?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே கடல் ஏறிவிட்டது. முதலில் நுரை, அப்புறம் நீலம், அதற்குள் துள்ளிக்கொண்டு சாளை மீன்கள். சாயங்காலத்துக்குள் பள்ளம் நிரம்பி, வேலிக்கருவை முழுகி, அங்கே தனியாக நின்ற வேப்பமரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு வாரத்தில் அக்கரை தெரியாமல் போயிற்று. அக்கரையில் இருந்த ஆடவர் விடுதிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் விடுதி அதன் இடத்திலேயே இருந்தது, சுற்றிக்கொண்டு நடந்தால் போய்ச் சேர முடிந்தது, கடல் வழியாகப் பார்த்தால் மட்டும் தெரியவில்லை.

கள்ளிக்கரட்டு மக்கள் அதிசயப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. விடுதிச் சமையல்காரர்கள் புதன்கிழமை முட்டைக் குழம்பை நிறுத்திவிட்டு மீன் குழம்பு வைத்தார்கள். மதிலை ஒட்டிச் சுண்டல் கடைகளும் பஜ்ஜிக் கடைகளும் வந்தன, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் கால் நனைத்தார்கள், குழந்தைகளை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். ராமேசுவரம் போக வசதியில்லாதவர்கள் அமாவாசைதோறும் அஸ்திக் கலயங்களோடு வந்து வேதியியல் ஆய்வகத்தின் படிக்கட்டில் இறங்கிக் கரைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்காக ஓர் ஐயர் அங்கேயே குடை நட்டுக்கொண்டார், அவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வந்தார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் செருப்புக் காவல்.

அடுத்த வருஷம் நல்கைக்கு வந்த விண்ணப்பங்கள் அத்தனையிலும் கடல் இருந்தது. தமிழ்த் துறையினர் நெய்தல் திணைக்குக் கேட்டார்கள், இசைத் துறையினர் அலையோசைக்கு ராகம் அமைக்கக் கேட்டார்கள், பொருளாதாரத் துறையினர் சுண்டல் கடைகளுக்குக் கேட்டார்கள், உடற்கல்வித் துறையினர் நீச்சலுக்குக் கேட்டார்கள், நுண்கலைத் துறையின் இளைஞர் ஒருவர் கடலைக் கடலுக்கு எதிரிலேயே வரைந்து வைக்கக் கேட்டார். குழு எல்லோருக்கும் கொடுத்தது. கடலே இல்லாத மாவட்டத்தில் கடலுள்ள ஒரே பல்கலைக்கழகம் நம்முடையது என்று துணைவேந்தர் பட்டமளிப்பு விழாவில் பேசினார், கைதட்டல் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பெர்னதெத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அன்று முழுக்கத் தலைவலி என்று அறைக்குள் படுத்துக்கிடந்தாள்.

பொன்னாடை போர்த்திய மறுநாள் ஒச்சம்மாள் பூக்கூடை இல்லாமல் வந்தாள். கையில் ஒரு மல்லிகைக் கிளை இருந்தது. இலைகளின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தது.

"தண்ணி திரும்ப வந்திருச்சு டீச்சரம்மா. கெணறு நெறைய வந்திருச்சு. வந்து பாருங்க."

பெர்னதெத் போய்ப் பார்த்தாள். கிணறு விளிம்புவரை ததும்பிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாளின் மகன் தவசி ஒரு வாளி இறைத்துக் கொடுத்தான். தலைமுழுக்கச் சுருட்டை முடியும் எப்போதும் சிரிக்கிற வாயும் உள்ள அவனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெர்னதெத் ஒரு வாய் குடித்தாள். விழுங்கவும் முடியவில்லை, ஒச்சம்மாளுக்கு எதிரில் துப்பவும் முடியவில்லை.

"மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிருது" என்றான் தவசி. "ஊர்ல அத்தனை கெணறும் இப்படித்தான் ஆகிப்போச்சு."

"கடல மூடீருங்க டீச்சரம்மா" என்றாள் ஒச்சம்மாள். "நீங்கதான தொறந்தீக."

பெர்னதெத் குழுவின் முன்னால் போய் நின்றாள். டீன் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், இப்போது அவள் பெரிய ஆள்.

"மூடுறதா? என்னம்மா பேசுறீங்க? விதியில துளை போடுறதுக்குத்தான் நல்கை. மூடுறதுக்கு அதுல செலவினமே இல்ல."

"ஊர்க் கிணறெல்லாம் உப்பாயிருச்சு சார்."

"அதையே ஆய்வா எழுதிக் குடுங்க. நல்ல தலைப்பு. அடுத்த வருஷமும் உங்களுக்கே குடுத்துருவோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். குழுவிலிருந்த மற்றவர்கள் குனிந்து தேநீர் குடித்தார்கள், அவர்கள் ஒவ்வொருவரின் துறையும் அந்தக் கடலில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தது.

யார் அனுமதியும் வேண்டாம், தெரிந்த மேஸ்திரி ஒருவரை வைத்துத் தானே அடைத்துவிடலாம் என்று பெர்னதெத் முடிவு செய்தாள். வற்றம் வரும்போது கடல் பின்வாங்கும், இடுப்பளவுத் தண்ணீரில் கேசிங் பைப்பின் வாய் தெரியும், கான்கிரீட்டை இறக்கினால் போதும். மேஸ்திரியோடு இடம் பார்க்கப் போனபோது கரையில் ஒரு பலகை ஒதுங்கியிருந்தது. நீலமும் மஞ்சளும் பூசிய வள்ளத்தின் முன்முனையிலிருக்கும் அணியப் பலகை, அதில் 'ஸ்டெல்லா' என்ற பெயரில் கடைசி எழுத்தின் காலைக் காணோம். அந்தப் பெயரை அணியத்தில் எழுதியவளே பெர்னதெத்தான், பள்ளிக்கூட விடுமுறையில், ரொசாரி பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்ள.

மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிட்டு அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

சலேத்து பேருந்தை விட்டு இறங்கி, மகள் வீட்டுக்கும் போகாமல், நேராகக் கரைக்கு வந்தாள். பலகையைத் தடவிப் பார்த்தாள். தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம கடல்தாம்ட்டி" என்றாள். "அவன் இந்தப் பக்கமாத்தான் வாறான்."

"அம்மா, இந்த ஊர் ஜனங்க குடிக்கத் தண்ணி இல்லாமக் கெடக்குறாங்க. மூடணும்மா."

"உடம்பு வரட்டும். ஒரு விரலாவது வரட்டும். அப்புறமா நீ மூடு, நான் கல்லு எடுத்துத் தாறேன். அதுவரைக்கும் மூடுனியோ, எம் மவனக் கொன்னது நீதாம்னு சொல்லுவேன்."

பெர்னதெத் மூடவில்லை. தம்பியின் பலகை வந்ததை ஒச்சம்மாளிடம் சொல்லி, அமாவாசை வரட்டும், கடல் ஏறும், ஏதாவது வரும் என்றாள். அமாவாசை வந்தது, பௌர்ணமி வந்தது, கயிறும் மிதவையும் ஒற்றைச் செருப்பும் வந்தன, ரொசாரி வரவில்லை. ஒச்சம்மாளின் மல்லிகைச் செடிகள் நின்றபடியே விறகாயின. மாடுகள் விற்கப்பட்டன. ஊரின் பெண்கள் பல்கலைக்கழகத் தண்ணீர் லாரியின் பின்னால் குடங்களோடு ஓடினார்கள், லாரி கடல் பார்க்க வந்தவர்களுக்கான கழிப்பறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெர்னதெத் காலையில் மதில் பக்கம் போவதை நிறுத்திவிட்டுச் சுற்று வழியில் வேலைக்குப் போனாள்.

தவசி மீன்காரன் ஆனான். தோட்டம் போன பிறகு வேறு என்ன செய்வான்? பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டி ஒரு மிதவை செய்துகொண்டு, வேப்பமரத் தலைகளுக்கு நடுவே வலை கட்டினான். நீந்தவும் கற்றுக்கொண்டான். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒச்சம்மாள் தொட மாட்டாள்.

"எங் கெணத்தத் தின்ன மீனு. எனக்கு வேணாம்."

"நீ திங்காட்டிப் போ. வரப்போற மருமக திம்பா" என்று அவன் சிரிப்பான்.

"வேப்பமரத்தைத் தாண்டிப் போகாத தவசி" என்று பெர்னதெத் அவனிடம் சொல்லியிருந்தாள். அங்கே வற்றத்தின்போது நீர் துளையை நோக்கி எப்படி இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அபாயம் என்று ஒரு பலகை நடச் சொல்லி அவள் கேட்டதற்கு, வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்று துணைவேந்தர் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள்.

பல்கலைக்கழக நிறுவன நாளன்று நல்ல வெயில். கரையில் பந்தல், நாற்காலிகள், இசைத் துறையின் கச்சேரி. தவசி வலையை எடுக்கப் போயிருந்தான். வற்றம் அன்றைக்குச் சீக்கிரமாக, மிகவும் பலமாக ஆரம்பித்தது. அவனுடைய மிதவை வேப்பமரங்களை விட்டு விலகி, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் நேர்கோட்டில் போயிற்று. பிறந்ததிலிருந்து கிணற்றையும் வாய்க்காலையும் மட்டுமே பார்த்தவன் அவன், தண்ணீர் இழுக்கிறது என்றால் அவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினான்.

"யாரோ மோட்டாரப் போட்டுவிட்டாக! நிறுத்தச் சொல்லுங்க! மோட்டார நிறுத்துங்க!"

கரையிலிருந்த ஊர்க்காரர்கள் ஓடினார்கள். விடுதி மோட்டாரை நிறுத்தினார்கள், நூலக மோட்டாரை நிறுத்தினார்கள், துணைவேந்தர் மாளிகையின் பூட்டை உடைத்து அங்கிருந்த மோட்டாரையும் நிறுத்தினார்கள். பல்கலைக்கழகத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை மோட்டாரும் நின்று, கச்சேரியும் நின்று, எங்கும் ஒரு சத்தமும் இல்லாமல் ஆனபோது கடலில் பீப்பாய்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

நல்கைக் குழு மறுநாளே கூடியது. செய்தித்தாள்காரர்கள் வாசலில் நின்றார்கள். மூடுவதற்கு ஆய்வில் செலவினம் இல்லாததால், படைப்புப் பணி என்ற தலைப்பின் கீழ், கடலை மூட பெர்னதெத் மிராந்தாவுக்கு நல்கை வழங்குவதாக ஒருமனதாக முடிவானது. டீன் அதை அவளிடம் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து வந்துவிட்டாள்.

கான்கிரீட் லாரி வந்த அன்று ஊர் முழுக்கக் காலிக் குடங்களோடு கரையில் கூடியிருந்தது. வற்றத்தில் பைப்பின் வாய் தெரிந்தது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் ஒச்சம்மாள் நின்றாள்.

"மூடாதீக டீச்சரம்மா."

பெர்னதெத் தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் போனாள். "அக்கா..." என்றாள்.

"நாந்தான் மூடச் சொன்னேன். இப்ப நாஞ் சொல்றேன், மூடாதீக. எம் மகன் உள்ள இருக்கான். வந்துருவான். உங்க தம்பி பலகை வரல? அது மாதிரி வருவான்."

கரையிலிருந்து அவள் கொழுந்தன் கத்தினான். "மதினி, புள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல மதினி! ஊரைப் பாருங்க!"

"ஊரு தவிச்சுச் சாகட்டும்" என்றாள் ஒச்சம்மாள், திரும்பிப் பார்க்காமல். அவளைத் தூக்கிக்கொண்டு வர ஆட்கள் இறங்கினார்கள். பெர்னதெத் கையைக் காட்டி நிறுத்தினாள். பின்னாலிருந்து யாரோ தண்ணீரை அளைந்துகொண்டு வரும் சத்தம் கேட்டது. சலேத்து வந்து, மகளை ஒதுக்கிவிட்டு, ஒச்சம்மாளின் எதிரில் நின்றாள்.

"நான் மூடாதன்னு பிடிவாதம் பிடிச்சேன், தெரியுமா? எம் மவனுக்காக. அதனாலதான் ஒம் மவன் போனான்."

ஒச்சம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு ஈரக் கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். சலேத்து முகத்தைத் திருப்பவில்லை. ஒச்சம்மாள் இன்னொரு முறை அறைந்தாள். அப்புறம் கை ஓய்ந்து தொங்கியது.

"ஒன்னய ஆறுதல் சொல்லிக் கூட்டிட்டுப் போக வரல தாயி" என்றாள் சலேத்து. "இங்கயும் அங்கயும் ஒரே கடல்தான். இத மூடுனாலும் அது கெடக்கும். எங்க ஊருக்கு வா. அங்க எந்தக் கொம்பனாலயும் அத மூட முடியாது. எம் பக்கத்துல ஒக்காந்துக்க. எவ்வளவு நாளு வேணும்னாலும் ஒக்காந்துக்க, ஒருத்தரும் எந்திரின்னு சொல்ல மாட்டாக."

வற்றம் முடிந்து தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. ஒச்சம்மாள் பைப்பின் வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் தொடாமல், பக்கம் பக்கமாக நடந்து கரையேறினார்கள். இருவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெர்னதெத்தான் பார்த்தாள். லாரிக்காரருக்குக் கை காட்டியவளும் அவள்தான். சாம்பல் நிறக் குழம்பு துளைக்குள் இறங்கி முடியும்வரை, உள்ளே தன் தம்பியும் தவசியும் இருக்கிறார்கள் என்று தெரிந்தே, அவள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

கடல் போய்விட்டது. வந்ததைவிட வேகமாக வற்றி, பள்ளத்தில் வெள்ளை வெளேரென்று உப்பை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் சேற்றை முழுக்கக் கிளறிப் பார்த்தார்கள். கரைத்த அஸ்தியின் எலும்புத் துண்டுகள் கிடைத்தன, யாருடையவை என்று தெரியாமல் திரும்பப் புதைத்தார்கள். தவசி கிடைக்கவில்லை, ரொசாரியும் கிடைக்கவில்லை. கிணறுகள் மறுபடி கீழே போயின, ஆனால் உப்பு அப்படியே இருந்தது. மழை பெய்தும் மாறவில்லை. ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போயிற்று, கடைசியில் கள்ளிக்கரடு என்ற பெயர் பேருந்தின் பலகையில் மட்டும் இருந்தது. உப்பு மண்ணில் வளரும் செடிகளைப் பற்றி ஆராயத் தாவரவியல் துறைக்கு அந்த வருஷத்து நல்கை போனது. பெர்னதெத் அதன்பின் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. பாடம் நடத்தினாள், வீட்டுக்குப் போனாள், விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனாள்.

அங்கே சலேத்துவின் வீட்டுக்கு முன்னால், வள்ளங்கள் கரையேறும் இடத்தில், ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். கடற்கரை வெயிலில் கறுத்து, முடி வெளுத்திருந்தது, மீன் சாப்பிடப் பழகியிருந்தாள். காலையில் ஒவ்வொரு வள்ளமும் மணலில் மோதி நிற்கும்போது எழுந்து போய், வலையை இறக்குகிற மீனவர்களிடம் கேட்பாள்.

"ஏப்பா, எங்க ஊருப் பக்கம் போனீகளா?"

அந்தக் கரைக்காரர்களுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை. வலையை உதறிக்கொண்டே அவர்கள் சொல்வார்கள்:

"இன்னிக்குக் காத்து சரியில்ல தாயி. நாளைக்குப் போறோம்."